கறள் மிஸ்

எங்கள் வீட்டில் தங்கிப் போன ஆட்களில், என் சமையல் சரியில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதுவும் வந்த முதல் நாளே. சோற்றுக்கு மீன் ஆணமும் கத்தரிக்காயும் வைத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தவரிடம், எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, "எப்படி மிஸ் ஆணம்?" என்று கேட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் தேடுகிறவர் போலக் கொஞ்சம் நின்றார்.

"கத்தரிக்காய் நல்லம் அக்கா. மீனுக்குப் புளி கூடிப்போச்சு. மீனும் கொஞ்சம் பழசு போல கிடக்கு. ஆனா அது புளியாலயும் இருக்கலாம்."

மீன் முதல் நாளையதுதான். அதை மறைக்கத்தான் புளியைக் கூட்டியிருந்தேன். அன்று முழுக்க எனக்கு அவர் மேல் கோபம். மறுநாள் நல்ல பாரை மீன் வாங்கிச் சமைத்து, கேட்காமலே நின்றேன். "இண்டைக்கு நல்லாயிருக்கு" என்றார். என் கணவர் கலியாணமான நாளிலிருந்து தினமும் சொல்கிற "நல்லாயிருக்கு" அது இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது.

கற்பிட்டியில் காற்றுக் காலம் முடிந்து, பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் போன பிறகு வந்தவர் அவர். வீட்டின் கடல் பக்கத்து இரண்டு அறைகளை நாங்கள் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஒக்டோபர் மழையில் அவை பூட்டித்தான் கிடக்கும். ஒரு முச்சக்கர வண்டியில் இரண்டு பெட்டிகளோடும் ஒரு நுணுக்குக்காட்டியோடும் வந்திறங்கி, மாதக் கணக்கில் தங்கலாமா என்று கேட்டார். நாற்பது வயது இருக்கும். வன்னிப் பக்கத்துப் பேச்சு. கட்டையாக வெட்டிய தலைமுடி, நீளக்கைச் சட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்குகிற ஒரு பூதக்கண்ணாடி. வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை என்றார்.

"என்ன வேல மிஸ்?" என்று என் கணவர் கேட்டார்.

"இரும்பு எப்படிக் கறள் பிடிச்சுப் பழசாகுது எண்டு பார்க்கிறது."

"அதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்கட வாசல் கேட்டப் பாத்தாலே போதுமே."

மிஸ் சிரிக்கவில்லை. எழுந்துபோய் மழைத் தூறலில் நின்று கேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "இது ஆறேழு வருஷத்துக் கறள். எனக்கு முந்நூறு வருஷத்துக் கறள் வேணும்."

அதற்குப் பிறகு ஊரில் அவருக்கு வேறு பெயர் இல்லை. கறள் மிஸ். கடைக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்.

கடல்நீர் தேங்கும் களப்போரத்துச் சேற்றுக்குள் ஒரு பழைய மரக்கலத்தின் அடிப்பாகம் கிடக்கிறது. தண்ணீர் வற்றும்போது அதன் விலா மரங்கள் தெரியும். அந்த மரங்களில் அறைந்த இரும்பு ஆணிகளுக்காகத்தான் மிஸ் வந்திருந்தார். முழங்கால் வரை சேற்றில் நின்று, ஆணியைச் சுற்றியிருக்கிற சேற்றோடு சேர்த்துத் தோண்டியெடுத்து, குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டு வருவார். அறையில் வைத்து மெல்லிய வில்லைகளாக அறுத்து, நுணுக்குக்காட்டியில் மணிக்கணக்காகப் பார்ப்பார்.

ஒருநாள் தேநீர் கொண்டுபோனபோது எனக்கும் காட்டினார். உள்ளே வெள்ளையாக இரும்பு. அதைச் சுற்றிக் கறுப்பு. அதற்கு வெளியே மண்ணிறமும் செம்மஞ்சளும் படை படையாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இதப் பாத்து என்ன மிஸ் செய்யப்போறீங்க?"

அவர் வேலை செய்கிற நாட்டில், அணு உலைக் கழிவை இரும்புப் பேழைகளில் அடைத்து நிலத்துக்கடியில் வைக்கப்போகிறார்களாம். அது ஒரு லட்சம் வருஷத்துக்கு வெளியே வரக்கூடாதாம். அந்த இரும்பு அத்தனை காலம் தாங்குமா என்று இப்போதே சொல்லவேண்டுமாம்.

"லட்சம் வருஷத்த யார் உசுரோட ஈந்து பாக்குற?"

"அதுதான் அக்கா. எங்களால காத்திருக்க ஏலாது. அதால ஏற்கெனவே காத்திருந்த இரும்பைத் தேடிப் பிடிச்சுக் கேக்கிறம்."

"அது சொல்லுமா?"

"கொஞ்சம் சொல்லும். மிச்சத்தைச் சொல்லாது. சொல்லாததை நாங்கள் சேர்த்துச் சொல்லிப்போடக் கூடாது. அதுதான் இந்த வேலையில கஷ்டம்."

வேலையில் மட்டுமில்லை, எதிலும் அவர் அப்படித்தான். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டுத் தெரியாது என்பார். ஊரில் எல்லாரும் "வரும் வரும்" என்றுதான் சொல்வோம். அது பதில் இல்லை, ஒரு பேச்சு. அவருக்கு அந்தப் பேச்சு வராது.

கோட்டைப் பக்கத்தில் பயணிகளுக்குப் பழம்பொருள் விற்கிற ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். ஒல்லாந்தர் காலத்து வாள் என்று ஒன்றை நடுக்கடையில் தொங்கவிட்டிருந்தார். மிஸ்ஸை வலியக் கூப்பிட்டு, வெள்ளைக்காரர் இருவர் நிற்கும்போதே, "இது எத்தின வருஷத்து வாள்ண்டு சொல்லுங்க மிஸ்" என்றார். மிஸ் பூதக்கண்ணாடியை வைத்து நுனியிலிருந்து அடி வரை பார்த்தார்.

"வருஷம் சொல்ல ஏலாது ஹாஜியார். ஆனா லொறி வந்த பிறகு செய்தது. இது லொறியின்ர ஸ்பிரிங் தகடு."

என் கணவர் வீடு வந்து சேரும் வரை சிரித்தார். மிஸ்ஸுக்கு அன்றிரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தனியாகக் கடைக்குப் போய், "நேற்று நான் கைப்பிடியைப் பார்க்காமல் கதைச்சிட்டன்" என்று சொல்லி வாளை இறக்கச் சொல்லியிருக்கிறார். பித்தளைக் கைப்பிடி உண்மையிலேயே பழசாம். நூறு வருஷத்துக்கு மேலே இருக்கலாம் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு எந்தக் கூட்டம் நின்றாலும் ஹாஜியார் அவருக்கு உட்காரக் கதிரை போடாமல் விட்டதில்லை.

என் உம்மாவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மிஸ் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்பதால் வியாழன் பின்னேரமே முருங்கைக்காய் வாங்க ஆள் அனுப்புவார். மிஸ் அவரை "அம்மா" என்பார். உம்மா அவரை "மகள்" என்பார். நங்கூரம் வந்து சேரும்வரை அப்படி இருந்தது.

என் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது பத்து வருஷம் கடந்திருந்தது. கூட்டாளி ஒருவரோடு ஃபைபர் போட்டில் போனவன். ஆளும் கிடைக்கவில்லை, போட்டும் கிடைக்கவில்லை. கூட்டாளியின் வீட்டார் வேதக்காரர்கள். அடுத்த வருஷமே மாதா கோயிலில் பூசை கொடுத்து, அழுது முடித்தார்கள். எங்கள் உம்மா, இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தத்தை ஓத விடவில்லை. இராமேஸ்வரத்துக்குப் போய் வந்த யாவாரி ஒருவர், அங்கே மீன் வாடியில் இவனைப் போல ஒருத்தனைக் கண்டதாகச் சொல்லியிருந்தார். இன்னொரு வருஷம் அந்தப் பக்கத்து மறியலில் அடைபட்டு இருக்கிறான் என்று ஒரு கதை வந்தது. எழுதிக் கேட்டோம். இல்லை என்று பதில் வந்தது. உம்மா அந்தப் பதிலை நம்பவில்லை, யாவாரியின் கதையை நம்பினார்.

தம்பியின் மனைவி எங்களோடுதான் இருந்தாள். எனக்கு மதினி. தம்பி போகும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயதும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. தையல் மெஷினோடு முன் அறையில் இருப்பாள். மதுரங்குளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து இரண்டு வருஷமாகக் காத்திருந்தது. பேக்கரி வைத்திருக்கிற, மனைவியை இழந்த, நல்ல மனிதர். காதியாரும் மார்க்கத்தில் தடையில்லை என்று சொல்லிவிட்டார். மதினிதான், "மாமி வாயால சொல்லாம நான் போகமாட்டேன்" என்று இருந்தாள். உம்மா சொல்லவில்லை. மகன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது உம்மாவின் கேள்வி.

கடலடிப் பாறைப் பாருக்கு அப்பால் வலை சிக்கி, சுழியோடிப் போய் எடுத்தவர்கள் வலையோடு ஒரு நங்கூரத்தையும் கொண்டுவந்தார்கள். வீடு கட்டி மிஞ்சிய கம்பியில் என் தம்பி வெல்டிங் வைத்து ஒட்டுவித்த நங்கூரம். மேலே வளையத்துக்குப் பதிலாக ஒரு பெரிய லொறி நட்டு. அந்த மாதிரி நங்கூரம் எங்கள் கரையில் வேறு ஒருவரிடமும் இருக்கவில்லை. ஒட்டும்போது பக்கத்தில் நின்றவரே அதைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்து எங்கள் கிணற்றடியில் வைத்தார். சிப்பியும் சுண்ணாம்பும் மூடியிருந்தது. மதினி அந்த நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உம்மா அழவில்லை. அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மிஸ் மகளக் கூப்பிடுங்க. இது இப்ப கிட்டடியில விழுந்ததாத்தான் ஈக்கும். அவன் இந்தப் பக்கம் வந்து போயீக்கிறான்."

அன்று பின்னேரம் உம்மா மிஸ்ஸின் அறைக்குப் போய் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர் வெளியே வந்ததும் என் கணவர் போனார்.

"மிஸ், அவர் மௌத்தாகிட்டார்ண்டு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நீங்க சொன்னா உம்மா கேப்பாங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு வாழ்க்க கெடைக்கும்."

நான் போகவில்லை. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. தம்பி உயிரோடு இருக்கவும் வேண்டும், மதினி போகவும் வேண்டும்.

மிஸ் நங்கூரத்தின் ஒரு கையில் விரலளவு துண்டை அறுத்து எடுத்துப் போனார். எங்கள் மொட்டை மாடித் தூணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அதே கம்பியில் ஒரு துண்டு, ஒட்டியிருந்த சிப்பிகளில் கொஞ்சம். களப்புப் பக்கம் போகவில்லை. இரண்டு மூன்று நாள் அவருடைய அறைக் கதவு சாத்தியே கிடந்தது. பிறகு ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து உம்மா பாயில் இருக்கும்போது வந்து, எதிரே வெறும் சீமெந்துத் தரையில் இருந்தார்.

"அம்மா, இது கடலுக்குள்ள போய் எட்டு வருஷத்துக்குக் குறையாது. பதினைஞ்சுக்கு மேலயும் இராது."

"கிட்டடியில விழல்லயா?"

"இல்லை அம்மா."

"அப்ப அவன் போன நேரந்தான்."

"அப்படி இருக்கலாம்."

"போட்டோட கடலுக்குள்ள தாண்டதா? கயிறு அறுந்து அது மட்டும் விழுந்ததா?"

"அது இரும்புக்குத் தெரியாது, அம்மா."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். உம்மா பாயைச் சுருட்டினார். "என்ட மகன கொன்னுட்டு, கொல்லல்லண்டும் சொல்றாங்க" என்று என்னிடம் சொன்னார். அந்த நாளிலிருந்து மிஸ்ஸோடு அவர் பேசவில்லை. முருங்கைக்காய்க்கு ஆள் அனுப்புவதும் நின்றது. மதினிக்கு "இருக்கலாம்" போதவில்லை. மெஷினில் அவள் கால் ஓடிக்கொண்டேயிருந்தது. எல்லாரும் ஏதாவது ஒன்றைக் கேட்டோம், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. வேறு இடம் பார்க்கட்டுமா என்று மிஸ் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அதைச் சொல்லும்போது அவர் போய்விடுவாரோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ஒரு பகல், உம்மா பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மிஸ் களப்பிலிருந்து வந்தவர், கால் கழுவி, கேட்காமலே பக்கத்தில் இருந்து தானும் உரிக்கத் தொடங்கினார். நான் குசினி அடுப்படியில் நின்றேன். உம்மாதான் முதலில் கேட்டார்.

"உங்கட உம்மா ஈக்கிறாங்களா?"

"ஓம் அம்மா. கிளிநொச்சியில."

"அவங்களோட ஈக்காம இங்க என்ன, இரும்போட?"

"அவவும் வீட்டில இருக்கிறது குறைவு. அண்ணான்ர படத்தை வச்சுக்கொண்டு பிள்ளையளைத் தேடுற மற்றத் தாய்மாரோட றோட்டுக்கரைக் கொட்டிலில இருப்பா. சண்டை முடியிற நேரம் ஆமிக்காரர் அண்ணாவைப் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை. பிறகு ஒரு தகவலும் இல்லை."

உம்மாவின் கை நின்றது. "ஆள் ஈக்கிறாரா?"

"தெரியேல்லை அம்மா."

"உங்கட மனசு என்ன சொல்லுது?"

"அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு சொல்லுது. அதை நான் கணக்கில எடுக்கிறதில்லை." இன்னொரு வெங்காயத்தை எடுத்து, அதை உரிக்காமல் கையில் வைத்திருந்தார். "எங்களுக்கு ஒரு இரும்புத் துண்டும் கிடைக்கேல்லை. கிடைச்சிருந்தா, இரா முழுக்க முழிச்சிருந்து பார்த்திருப்பன்."

"உம்மாக்கு என்ன சொல்லுவீங்க?"

"ஒண்டும் சொல்றதில்லை. பக்கத்தில இருப்பன்."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு, "அண்ணனுக்குப் பொஞ்சாதி?" என்று கேட்டார்.

மிஸ் கையிலிருந்த வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.

"இருக்கிறா. அம்மாவுக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. தலை நரைச்சிட்டுது. உமக்கு என்ன வேணும் எண்டு நாங்கள் ஒருத்தரும் அவவைக் கேட்டதில்லை அம்மா. நானும் கேட்கேல்லை. இனிக் கேட்டு என்ன."

அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சத்தமில்லை. தோள் மட்டும் அசைந்தது. உம்மா வெங்காயக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு அவருடைய முதுகில் வைத்தார்.

மாலையில் உம்மா மதினியைக் கூப்பிட்டார். நானும் என் கணவரும் நின்றோம்.

"மதுரங்குளிக்காரங்கள வரச் சொல்லுங்க" என்றார். "மாமி..." என்று மதினி தொடங்கினாள். உம்மா விடவில்லை. "காத்துட்டு ஈக்கிறது என்ட வேல. நான் பெத்தவ, நான் ஈப்பேன். உங்கட வேல இல்ல அது. அவன் வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மதினி உம்மாவின் காலடியில் இருந்து, அவருடைய முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெகு நேரம் எழும்பவேயில்லை.

கலியாணம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. மிஸ் ஒரு சேலை கட்டிக்கொண்டு வந்தார், நடக்கத் தெரியாமல் தடுக்கித் தடுக்கி. புரியாணி எப்படி என்று ஹாஜியார் கேட்டதற்கு, "அடியில இருந்தது நல்லம்" என்றார்.

கத்தம் ஓதுவதற்கு உம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி, "எங்க ஈந்தாலும் அவனப் பாத்துக்க" என்று கேட்பார். ஒருநாள் மிஸ்ஸைக் கூப்பிட்டு, "உங்கட அண்ணன்ட பேரச் சொல்லுங்க" என்றார். மிஸ் அவருடைய காதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பிறகு உம்மா கையேந்தும்போது உதடு அசைகிற நேரம் கொஞ்சம் கூடியது.

மிஸ் இரண்டு மழைக்காலம் எங்களோடு இருந்தார். நாட்டில் பெற்றோலுக்கும் சமையல் கேஸுக்கும் வரிசை நின்ற வருஷத்தில் அவருடைய ஆய்வை நிறுத்தி, திரும்பி வரச் சொன்னார்கள். போகும்போது, "திரும்பி வருவீங்களா?" என்று கேட்டேன். வருவேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாது அக்கா" என்றார். முச்சக்கர வண்டி திரும்பி மறைந்த பிறகும் நான் கேட்டடியிலேயே நின்றேன்.

காற்றுக் காலத்தில் இப்போதும் அறைகள் நிறைகின்றன. என் ஆணத்தை எல்லாரும் புகழ்கிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். சில நாள் உப்புக் கூடியிருப்பது எனக்கே தெரிகிறது. கேட்கிறேன், அருமை என்கிறார்கள். அப்போதெல்லாம் அந்த அறையில், பூதக்கண்ணாடி தொங்க, பதில் சொல்லுமுன் கொஞ்சம் நிற்கிற ஒருவர் இருக்கமாட்டாரா என்று இருக்கிறது. என்னை நம்பி உண்மையைச் சொன்னவர் என் வாழ்க்கையில் அதிகம் பேர் இல்லை.

போன நோன்புக்கு முந்திய கிழமை உம்மா மௌத்தானார். கடைசி நாட்களில் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கிவிட்டு வந்த பிறகு மிஸ்ஸின் பழைய இலக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இலக்கம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அன்றே ஒரு குரல்பதிவு வந்தது. முதலில் ஒன்றுமில்லை, மூச்சு மட்டும். எங்கேயோ ஒரு ரயில் போகிற சத்தம். பிறகு அவருடைய குரல், முன்னைவிடத் தளர்ந்து:

"அக்கா, அழாதேங்கோ. அம்மா மகனைக் கண்டிட்டா."

கண்டிருப்பா என்று சொல்லவில்லை. கண்டிட்டா என்றார்.

மதுரங்குளியிலிருந்து தன் இரண்டு பிள்ளைகளோடு மதினி வந்திருந்தாள். அவளுக்கும் போட்டுக் காட்டினேன். இருவரும் மறுபடியும் மறுபடியும் கேட்டோம். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நானும் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் கேட்கச் சொல்லவில்லை.